ஆராய்ச்சி தார்நாகாவில், கழிவு பட்டான்செருவில்

ஐதராபாத்துக்குப் பிழைக்க வரும் தமிழ்நாட்டு இளைஞர்களில் இரண்டு வகையாரைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் மாதாப்பூரில் இறங்கி, ஐயப்பா சொசைட்டி பக்கம் ஒரு ஹாஸ்டலில் கட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் அதே மாதாப்பூரைத் தாண்டி, பம்பாய் சாலையில் இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் போய், பட்டான்செருவிலோ பாஷமைலாரத்திலோ ஒரு மருந்து ஆலையில் ஷிப்டுக்குச் சேருகிறார்கள். முதல் வகையாருக்கு ஊரில் மதிப்பு அதிகம். கல்யாணச் சந்தையிலும் அப்படித்தான். இரண்டாவது வகையாரின் சட்டையில் ஒரு வாடை இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

ஆனால் மாதாப்பூர் கம்ப்யூட்டர்காரருக்குத் தலைவலியோ ஜுரமோ வந்தால், அவர் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரை அந்தப் பட்டான்செருப் பையன் கைபட்டு வந்ததாக இருக்கலாம். மருந்துக் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்களும் இப்போது கண்ணாடிக் கட்டடங்களைத் தேடி இந்தப் பக்கம் வந்துவிட்டன. மாதாப்பூரை அடுத்த ராயதுர்கத்தில் இருக்கும் அரபிந்தோ பார்மா கம்பெனி, 1986-ல் தொடங்கப்பட்டு, முதன் முதலில் பென்சிலின் வகை மருந்து செய்தது புதுச்சேரியில்தான். இங்குள்ள தமிழர்களிலேயே பலர் இதை அறியமாட்டார்கள். கணக்கும் கடிதமும் மாதாப்பூர் பக்கம். கொதிகலனும் பீப்பாயும் பட்டான்செரு பக்கம். ஆராய்ச்சியோ நகரத்தின் மறுகோடியில், செகந்திராபாத்தை ஒட்டிய தார்நாகாவில் நடக்கிறது. இந்த மூன்று இடங்களும் 40 கிலோமீட்டருக்குள் அடங்கியவை. ஆனாலும் தார்நாகாவில் கண்டுபிடித்தது பட்டான்செருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடுகிறது. சில சமயம் போய்ச் சேருவதே இல்லை.

சென்ற 25 ஆண்டுகளில் ரசாயனத் துறை கண்டிருக்கும் முன்னேற்றம் சாமான்யமானதல்ல. உலோகக் கிரியா ஊக்கிகள் முதல், உடம்புக்குள் மருந்தைச் சுமந்து செல்லும் நுண்துகள்கள் வரை, வருஷந்தோறும் ஏதாவது ஒரு செய்தி பத்திரிகைகளில் வருகிறது. ஐதராபாத் விஞ்ஞானிகளுக்கும் அதில் நல்ல பங்கு உண்டு. செய்தியாக வந்தது ஆலைக் கொட்டகைக்குள் எப்போது வந்தது என்று மட்டும் யாரும் கணக்கெடுப்பதில்லை. கணக்கெடுக்க வேண்டியவர்கள் அரசாங்கத்தார். கேட்க வேண்டியவர்கள் அங்கே வேலை செய்கிறவர்களும், அந்தப் பக்கத்துத் தண்ணீரைக் குடிக்கிறவர்களும்.

கிரியா ஊக்கி என்பது பள்ளிக்கூடத்தில் படித்த சங்கதிதான். தான் செலவாகாமல், மற்றப் பொருள்கள் ஒன்றோடொன்று சேருவதை விரைவுபடுத்தும் பொருள். கல்யாணத் தரகர் மாதிரி என்று வாத்தியார்கள் சொல்வதுண்டு. தரகராவது கமிஷன் கேட்பார். இது அதுவும் கேட்காது. வனஸ்பதி இதற்குச் சரியான உதாரணம். திரவமாக இருக்கும் எண்ணெயில் நிக்கல் பொடியைப் போட்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டியாகிறது. பிறகு நிக்கலை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். இப்படிப் பொடி உலோகத்தை வைத்து ஹைட்ரஜனைச் சேர்க்கும் வித்தையைக் கண்ட பிரெஞ்சுக்காரர் சபாத்தியேவுக்கு 1912-லேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று.

மருந்துத் தொழிலில் அதைவிட நுட்பமான வேலை நடக்கிறது. ஒரு கரி அணுவை இன்னொரு கரி அணுவோடு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒட்டவைக்க வேண்டும். இடம் மாறினால் மருந்து ஆகாது. இதைச் செய்துகொடுப்பது பல்லேடியம் என்ற உலோகம். இந்த வழியைக் காட்டிய ஹெக், நெகிஷி, சுசுகி ஆகிய மூவருக்கும் 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தக் கொதிப்புக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் லோசார்டான் இந்த வழியில் செய்யப்பட்ட மருந்துதான். பரிசு பெற்ற விஞ்ஞானம் எங்கோ ஸ்வீடன் நாட்டில் நிற்பதில்லை. கொதிப்பு உள்ள எத்தனையோ குமாஸ்தாக்களின் மேஜை டிராயருக்குள் இருக்கிறது.

பல்லேடியம் மலிவான சரக்கல்ல. சென்ற சில வருஷங்களில் தங்கத்தின் விலையையே மிஞ்சிய காலமும் உண்டு. உலகத் தேவையின் பெரும் பகுதியை ரஷ்யாவும் தென்னாப்பிரிக்காவும்தான் கொடுக்கின்றன. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தரகர் போய்விட்டாலும் அவர் செருப்பு வாசலில் கிடக்கிற மாதிரி, கொஞ்சம் உலோகம் மருந்திலேயே தங்கிவிடும். வாய்வழியாக உட்கொள்ளும் மருந்துகளில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் பல்லேடியம் உள்ளே போகக் கூடாது என்று சர்வதேச விதி வைத்திருக்கிறார்கள். ஆகவே அதை முழுக்க வடித்தெடுத்தாக வேண்டும். காசுக்காகவும் வேண்டும், உடம்புக்காகவும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் தார்நாகா வருகிறது. அங்குள்ள இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிலையம் நிஜாம் சமஸ்தான காலத்தில், 1944-ல் ஆரம்பமானது. 1956-ல் மத்திய அரசின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டது. இப்போதைய பெயர் 1989-ல் வந்தது. பழைய ஆட்களுக்கு இன்றும் அது ஆர்.ஆர்.எல்.தான். அங்கே சௌதரி, லட்சுமி காந்தம் முதலான விஞ்ஞானிகள் 2002-ல் ஒரு அருமையான காரியத்தைச் செய்து காட்டினார்கள். மக்னீசியமும் அலுமினியமும் கலந்து அப்பளக் கட்டுப் போல் படலம் படலமாக அமைந்த ஒரு பொருள் இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தின் ஜாதி. அதன் மேல் பல்லேடியத்தை மிக நுண்ணிய துகள்களாகப் பதித்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் வடிகட்டினால் உலோகம் படலத்தோடு திரும்பி வந்துவிடும், மறுபடியும் உபயோகிக்கலாம். சாதாரணமாக மசியாத மலிவான குளோரின் சரக்குகளையும் அது இணைத்துக் காட்டியது. அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் இதழில் அந்தக் கட்டுரை வெளியாயிற்று. லட்சுமி காந்தம் அம்மையார் பின்னர் அந்த நிலையத்தின் முதல் பெண் இயக்குநராகவும் ஆனார்.

இதெல்லாம் படித்தவர்கள் பாராட்டிக்கொள்ளும் சமாசாரம்தானே, ஷிப்டுக்குப் போகிற ஆளுக்கு என்ன என்று கேட்கலாம். அவருக்குத்தான் எல்லாம்.

ஒரு கிலோ சரக்கு செய்ய எத்தனை கிலோ கழிவு உண்டாகிறது என்று ஷெல்டன் என்ற ரசாயன அறிஞர் 1992-ல் கணக்குப் போட்டார். பெட்ரோல் சுத்திகரிப்பில் கழிவு மிகச் சொற்பம். மருந்துத் தொழிலிலோ ஒரு கிலோ மருந்துக்கு 25 கிலோ முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு! கரைப்பான்கள், உப்பு, அமிலம், அரைகுறையாக வெந்த சரக்கு, எல்லாம் இதில் அடக்கம். இந்த 25 கிலோவைத்தான் ஷிப்டுக்காரர் முகர்கிறார், தூக்குகிறார், பீப்பாயில் ஊற்றுகிறார்.

நல்ல கிரியா ஊக்கி வந்தால் இது எவ்வளவு குறையும் என்பதற்கு, மூட்டு வலிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த இபுபுரோஃபென் மாத்திரையே சாட்சி. பழைய முறையில் அதைச் செய்ய ஆறு கட்டங்கள். போட்ட சரக்கில் நூற்றுக்கு 40 பங்குதான் மருந்தாக மிஞ்சும் என்பது ஏட்டுக் கணக்கு. 1992-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் புதிய முறையில் ஒரு ஆலையைத் தொடங்கினார்கள். பல்லேடியம் உதவியோடு மூன்றே கட்டங்கள். 77 பங்கு மருந்தாகிறது. அந்த முறையிலும் ஹைட்ரஜன் புளோரைடு என்ற பொல்லாத பொருள் ஒன்று உண்டு. ஆனால் அதை வெளியே கொட்டுவதில்லை. திரும்பத் திரும்ப உபயோகிக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் சிடாகிளிப்டின் கதை இன்னும் ருசிகரமானது. முதலில் ரோடியம் என்ற உலோகத்தை வைத்துச் செய்தார்கள். பிறகு அந்த உலோகமே வேண்டாம் என்று, ஆராய்ச்சிக்கூடத்தில் பக்குவப்படுத்திய ஒரு என்சைமை அதன் இடத்தில் வைத்தார்கள். கழிவு 19 சதவீதம் குறைந்தது. மாவு புளிக்கிற மாதிரிக் காரியம். ஆனால் மாவைப் புளிக்கவைப்பது யார் என்று தெரிந்து செய்தது.

பட்டான்செருவின் கதையோ வேறு. 1970-களில் அங்கே தொழிற்பேட்டை வந்தது. அதே பட்டான்செருவில் 1972-ல் வறட்சிப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையமும் வந்தது என்பது விதியின் வேடிக்கை. ஒரு பக்கம் சோளமும் துவரையும் விளையவைக்கும் ஆராய்ச்சி. மறு பக்கம் நக்கவாகு, இஸகவாகு ஓடைகளில் ஆலைக் கழிவு கலந்து, வயலும் கிணறும் கெட்டு, 1990-ல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. 2007-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இங்குள்ள பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே வரும் தண்ணீரைச் சோதித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு அங்கே வந்துகொண்டிருந்தது. சுத்தம் செய்து வெளியே விட்ட தண்ணீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸாசின் இருந்தது! அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். இரண்டு வருஷம் கழித்து வந்த இன்னொரு ஆராய்ச்சி, சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் கிணறுகளிலும்கூட மருந்துச் சரக்கு இருப்பதைக் காட்டியது. கிருமிகள் இந்தத் தண்ணீரிலேயே குளித்து வளர்ந்தால், நாளைக்கு ஆஸ்பத்திரியில் அதே மருந்தைக் கொடுக்கும்போது அவை சிரிக்கத்தானே செய்யும்? அந்தக் கிருமிக்குப் பட்டான்செரு வாசி, மாதாப்பூர் வாசி என்ற பேதம் தெரியாது.

இப்போது நிலைமை அப்படியே இருக்கிறது என்று சொல்வதும் நியாயமாகாது. பெரிய ஆலைகள் பலவற்றில் கழிவு நீரை வெளியே விடாமல் காய்ச்சி வற்றவைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. வற்றிய பிறகு மிஞ்சும் உப்பு மூட்டைகளைப் புதைக்கத் துண்டிகலில் தனி இடம் இருக்கிறது. ஆனால் இது எச்சில் இலையைப் பத்திரமாக எடுத்துவைக்கிற காரியமே தவிர, குறைத்துப் பரிமாறுகிற காரியம் அல்ல. கழிவே குறைவாக உண்டாகும் முறைக்கு மாறுவதுதான் மருந்து. அந்த முறைகள் தெரிந்தவர்கள் ரயிலேறி வர வேண்டிய தூரத்தில்கூட இல்லை, தார்நாகாவில் இருக்கிறார்கள்.

தார்நாகாவிலிருந்து ஆலைக்குப் பாதையே கிடையாது என்றும் சொல்ல முடியாது. மனம் வைத்தபோதெல்லாம் பாதை திறந்திருக்கிறது. எய்ட்ஸ் நோய்க்கு ஏ.ஜெட்.டி. என்ற ஒரே மருந்து இருந்த காலத்தில், அது அமெரிக்காவில் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை. இந்த நிலையத்தின் இயக்குநராக இருந்த ஏ.வி.ராமராவ் அதைச் செய்யும் முறையை இங்கேயே உருவாக்கிக் கொடுத்தார். பம்பாயின் சிப்லா கம்பெனி 1993-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் மருந்துக்கு உரிமை கொடுக்காமல், செய்முறைக்கு மட்டுமே உரிமை கொடுத்ததால் இது சாத்தியமாயிற்று. அந்த வழியே நடந்து, 2001-ல் அதே கம்பெனி மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கொரோனா காலத்திலும் அப்படித்தான். கோவாக்சின் தடுப்பு மருந்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்ப ஒரு துணைப் பொருள் சேர்க்கிறார்கள். அதற்கு வேண்டிய மூலக்கூறை இங்கேயே செய்யும் முறையைத் தார்நாகாக்காரர்கள் சில மாதங்களில் தயாரித்துக் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் தடுப்பு மருந்துக்கு அனுமதியும் கிடைத்தது. கொள்ளைநோய்க்கு மாதக் கணக்கில் முடிந்த காரியம், தொழிலாளியின் மூச்சுக் குழாய்க்கும் ஊர்க் கிணற்றுக்கும் வருஷக் கணக்கிலும் முடியாதது ஏன்?

நிற்க. உலோகத்தைப் போலவே இன்று பேர் வாங்கியிருப்பது நானோ சரக்கு. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கு நானோமீட்டர். தலைமயிரின் கனமே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளலாம். 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, ஆம்போடெரிசின் ஊசிக்காக ஜனங்கள் கடை கடையாக அலைந்தது மறந்திருக்காது. அவர்கள் தேடியது சாதாரண ஆம்போடெரிசின் அல்ல. சாதாரண மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதே மருந்தைக் கொழுப்பாலான நுண்ணிய உறைகளுக்குள் அடைத்தால் அந்தத் தொல்லை மிகவும் குறைகிறது. அந்த உறைதான் நானோ. பம்பாய் சாலையில் பட்டான்செருவையும் தாண்டி, கந்தியில் இருக்கும் ஐதராபாத் ஐ.ஐ.டி.யில், அதே மருந்தை நானோ நாராக நூற்று, வாயில் போடும் 60 மில்லிகிராம் மாத்திரையாக்கலாம், விலை சுமார் 200 ரூபாய்தான் ஆகும், யார் வேண்டுமானாலும் உரிமைத் தொகை இல்லாமல் செய்துகொள்ளலாம் என்று 2021 மே மாதம் அறிவித்தார்கள். தாராள மனசு, பாராட்ட வேண்டியதுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போட்ட எம்.ஆர்.என்.ஏ. கொரோனா ஊசிகளும் இதே போன்ற கொழுப்புத் துகளில் ஏறித்தான் உடம்புக்குள் போயின. தார்நாகாவில் சித்த ரஞ்சன் பட்ரா என்ற விஞ்ஞானியின் குழு, யூரோப்பியம் என்ற அபூர்வ உலோகத்தின் நுண்கம்பிகளைக் கொண்டு புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டும் ஆராய்ச்சி செய்து வருகிறது. ஆறாத புண்ணுக்கு ஒரு நாள் அது உதவலாம். கோழி முட்டைக் கருவில் பார்த்த அதிசயம் மனிதனுக்கு மருந்தாக வெகுநாள் ஆகும். அதற்குள் 'நானோ' என்று பெயர் ஒட்டிய தைலத்தையும் தங்கப் பொடியையும் யாராவது வாசலில் கொண்டுவந்து விற்றால் வாங்க வேண்டாம்.

நானோ சரக்கு ஏழைக்கும் வந்து சேரும் என்பதைச் சென்னை காட்டியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப், வெள்ளி நுண்துகளைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிமருந்தை நீக்கும் வழியைக் கண்டார். 2007-ல் அது வீட்டு வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. பிறகு இரும்புச் சரக்கைக் கொண்டு ஆர்சனிக் நஞ்சை நீக்கும் வடிகட்டி, மேற்கு வங்கம், பஞ்சாப் கிராமங்கள் வரை போயிற்று. அங்கே விஞ்ஞானி கட்டுரையோடு நிற்கவில்லை. குழாய் வரை கூடவே நடந்தார்.

செலவு அதிகம், சீனச் சரக்கோடு விலைப் போட்டி போட முடியாது என்று சிறு ஆலைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மருந்துக்கான மூலச் சரக்கில் பெரும் பகுதி சீனாவிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதை மாற்றத்தான் மத்திய அரசு 2020-ல் 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் போட்டது. ஊக்கத்தொகை கொடுக்கும்போது, கிலோவுக்கு எத்தனை கிலோ கழிவு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? குறைந்த கழிவில் செய்யும் முறை அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறதா, இருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் ஏன் என்பதும் அந்த விண்ணப்பத்திலேயே இருக்கலாம். சிறு ஆலைக்கு அந்த முறையை உரிமைத் தொகை இல்லாமல் கொடுத்து, மாற்றிக்கொள்ளும் செலவுக்கு வங்கிக் கடனுக்கும் வழி செய்யலாம். பொது மக்களின் வரிப் பணத்தில் கண்ட முறைதானே அது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புதிய கிரியா ஊக்கி புதிய ஆபத்தையும் கொண்டுவரும். ஹைட்ரஜன் ஏற்றும் வேலையில் உபயோகித்த நிக்கலும், கரியில் பதித்த பல்லேடியமும், வடிகட்டிய பின் காய்ந்துவிட்டால் காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் கரைப்பான் ஆவி இருந்தால் கேட்கவே வேண்டாம். அதை எப்போதும் நனைத்தே வைக்க வேண்டும் என்பது கெமிஸ்டுக்குத் தெரியும். வடிகட்டியைக் கழற்றிச் சுரண்டுகிற கான்ட்ராக்ட் ஆளுக்குத் தெரியுமா? அவர் விழுப்புரத்துக்காரராகவோ ஒடிசாக்காரராகவோ இருப்பார். சுவரில் இருக்கும் எச்சரிக்கைப் பலகை தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இருந்தால் அவருக்கு அது சித்திரம்தான். போபால் விபத்துக்குப் பிறகு 1987-ல், ஆலையில் என்னென்ன ஆபத்து என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இருக்கிறது. சொல்வது என்றால் அவருக்குப் புரியும் பாஷையில் சொல்வதுதானே? 2025 ஜூன் 30-ம் தேதி பாஷமைலாரத்தில், மாத்திரைகளுக்குச் சேர்க்கும் செல்லுலோஸ் பொடி செய்யும் ஆலை ஒன்று வெடித்து 40-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பிற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏராளம். விஷமே இல்லாத வெறும் பொடிதான் அது.

ஆலைக் கழிவு நீரில் எந்தக் கிருமிநாசினி மருந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்று, 121 மருந்துகளுக்கு அளவு குறித்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் ஒரு வரைவு வெளியிட்டது. பட்டான்செரு வாசிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். 2021 ஆகஸ்டில் இறுதி உத்தரவு வந்தபோது அந்த அளவுகள் அதில் இல்லை. நிபுணர்களைக் கூட்டிப் புதிதாக ஆராய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வரைவில் எழுதிய பட்டியல் டில்லியில் அதே அமைச்சகத்தின் பைலில்தான் இருக்கிறது. எடுத்து மறுபடி சேர்த்தால் போதும்.